'ஸ்கேண்டலைஸ்' செய்தது யார், ஆனது யார்?

மொழிப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கொரியர்கள் ஆங்கிலம் படிக்கும்போது எங்கெங்கே இடறுகிறார்கள் என்று போன இதழில் எழுதியபோது, 'ஸ்கேண்டலைஸ்' என்ற வினைச்சொல்லை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். செய்யத் தகாததைச் செய்து அல்லது சொல்லி, பார்ப்பவர்களை 'ஐயோ, இப்படியுமா!' என்று அதிர வைப்பது என்று பொருளும் தந்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: நான் தேஜொன் நகரில் ஆய்வு மாணவன். ஆய்வகத்தில் ஒரு கொரிய நண்பர் எனக்குக் கொரிய மொழி சொல்லித் தருகிறார், பதிலுக்கு நான் அவருக்கு ஆங்கிலம். ஒரு கட்டுரையில் 'ஸ்கேண்டலைஸ்' வந்தது. ஏறக்குறைய 'ஷாக்' மாதிரிதான் என்றேன். "அப்படியென்றால் ஷாக் என்றே எழுதியிருக்கலாமே" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: நண்பர் கேட்டது சரியான கேள்வி. ஷாக் எதனாலும் வரும். மின்சாரம் தாக்கினாலும் ஷாக், தேர்வு முடிவைப் பார்த்தாலும் ஷாக், நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று இல்லை என்றாலும் ஷாக். 'ஸ்கேண்டலைஸ்' அப்படி வராது. யாரோ ஒருவர் எதையோ செய்ய வேண்டும், அதைச் சிலர் பார்க்கவோ கேள்விப்படவோ வேண்டும், அப்படிப் பார்த்தவர்கள் மனதில் 'இதெல்லாம் செய்யக் கூடாது' என்ற ஒரு கோடு முன்கூட்டியே கிழிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாத இடத்தில் இந்த வினைக்கு வேலையே இல்லை. நிலநடுக்கம் யாரையும் ஸ்கேண்டலைஸ் செய்யாது, அந்த நேரத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே படம் எடுத்துப் போட்டால் அது செய்யும்.

அவருக்கு அவர் ஊர்ச் சம்பவத்தையே சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும். 2003 ஏப்ரலில் இடைத்தேர்தலில் வென்ற யூ ஷிமின், கொரிய நாடாளுமன்றத்தில் பதவியேற்க வந்தபோது டை கட்டவில்லை, கோட்-சூட் இல்லை, வெள்ளைப் பருத்திப் பேண்ட் போட்டிருந்தார். உறுப்பினர்கள் கூச்சல் போட்டார்கள், சிலர் எழுந்து வெளியே போனார்கள், அன்று பதவியேற்பு நடக்கவில்லை, மறுநாள் ஒழுங்காக சூட் போட்டு வந்துதான் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அப்புறம் 2020 ஆகஸ்டில், இருபதுகளில் இருந்த உறுப்பினர் ரியூ ஹோஜொங் சிவப்பு நிறக் குட்டை கவுனில் அவைக்கு வந்ததற்கு இணையத்தில் பெரிய ரகளை. இரண்டிலும் யாருக்கும் அடிபடவில்லை, யார் பணமும் போகவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. இருந்தாலும் ஒரு கூட்டத்துக்கு முகம் சிவந்துவிட்டது. 'ஸ்கேண்டலைஸ்' என்ற சொல் தன் வீடுபோல் வந்து உட்காரும் இடம் இதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் வேண்டும், இல்லாவிட்டால் நண்பர் எல்லாவற்றுக்கும் இதைப் போட ஆரம்பித்துவிடுவார். 2014 ஏப்ரலில் செவொல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். பயணிகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தலைமை மாலுமி தப்பித்து வந்தார். அதுவும் ஒழுக்க அதிர்ச்சிதான். ஆனால் அங்கே 'ஸ்கேண்டலைஸ்' போட்டால் வாக்கியம் கூசும், ஏதோ மேஜை நாகரிகம் தெரியாத ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும். அங்கே 'ஹாரிஃபை' அல்லது 'அவுட்ரேஜ்'. உயிர் போன இடத்தில் இந்தச் சொல் கனம் தாங்காது, மரியாதையும் நாணமும் போன இடத்தில்தான் தாங்கும்.

கேள்வி: தென்கொரியத் தலைநகர் சோலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கொரியத் தோழி ஒரு மின்னஞ்சலில் "ஐ ஸ்கேண்டலைஸ்ட் வென் ஐ ஹர்ட் இட்" என்று எழுதியிருந்தார். "ஐ வாஸ்" சேர்க்கச் சொன்னேன். அடுத்த வாரமே "ஸ்கேண்டலைஸிங் நியூஸ்" என்று எழுதுகிறார். ஏன் திருந்த மாட்டேன் என்கிறார்?

பதில்: திருந்தாமல் இல்லை, அவர் ரொம்ப ஒழுங்காகத் தன் மொழியின் வழியில் போகிறார். அது நம் மொழியின் வழியும்தான், அதனால் இதை நீங்கள் அவருக்கு விளக்குவது ஒரு ஆங்கிலேயர் விளக்குவதைவிட எளிது.

தமிழில் 'நான் அதிர்ந்தேன்' என்கிறோம். உணர்ச்சி யாருக்கோ அவரே எழுவாய். கொரியத்திலும் அப்படியே, 'நொல்லாதா' என்றால் திடுக்கிடுதல், திடுக்கிட்டவர்தான் எழுவாய். எதனால் என்பதை 'ஏ' என்ற உருபைச் சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள், நாம் 'அதைக் கேட்டு', 'அதனால்' என்று வைப்பதுபோல. ஆங்கிலம் இதைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. காரணம் எழுவாய் ஆகிறது, அதிர்ந்த மனிதர் செயப்படுபொருள் ஆகிறார். ஷாக், சர்ப்ரைஸ், எம்பாரஸ், டிஸ்கஸ்ட், ஸ்கேண்டலைஸ் எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே உங்கள் தோழி எழுதிய வாக்கியத்தை ஆங்கிலக்காரர் படித்தால், இவர் ஏதோ செய்யக் கூடாததைச் செய்து ஊரை அதிர வைத்துவிட்டார், யாரை என்று எழுத மட்டும் மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பார். பாவம், அவர் வெறுமனே ஒரு செய்தியைக் கேட்டிருக்கிறார்.

தமிழில் 'அதிர்ந்தேன்' என்பதற்குப் பக்கத்தில் 'அதிர வைத்தது' இருக்கிறது அல்லவா, கொரியத்தில் அந்த 'வைத்தது' தான் 'கே ஹாதா'. 'நொல்லாகே ஹாதா' என்றால் திடுக்கிட வைத்தல். தோழியிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: 'ஸ்கேண்டலைஸ்' என்ற சொல்லுக்கு உள்ளேயே ஒரு 'கே ஹாதா' ஒளிந்திருக்கிறது. அதைத் தனியாகச் சேர்க்கவும் வேண்டாம், இல்லை என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கொரியப் பள்ளிகளில் 'முல்ஜு குமுன்' என்றே ஒரு பாடம் உண்டு. உயிரற்ற பொருள் எழுவாயாக வரும் ஆங்கில வாக்கியத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்பது. அந்த எழுவாயைத் தூக்கிக் காரணமாக்கிவிடு, மனிதரை எழுவாயாக்கு என்று கற்றுக்கொடுப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து கொரியத்துக்குப் போக அருமையான வழி. திரும்பி வரும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் அங்கே அவ்வளவு பயிற்சி இல்லை.

இரண்டாவது வாக்கியம் இன்னும் சுவாரசியம். டோயிக் என்ற அலுவலக ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற எந்தக் கொரியரைக் கேட்டாலும் 'கம்ஜொங் தொங்சா', அதாவது உணர்ச்சி வினை, என்று ஒரு சூத்திரம் ஒப்பிப்பார்: ஆள் என்றால் 'பிபி', பொருள் என்றால் 'ஐஎன்ஜி'. பிபி என்பது பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். ஆள் போர்ட், படம் போரிங். ஆள் ஷாக்ட், செய்தி ஷாக்கிங். உங்கள் தோழி சூத்திரத்தை அச்சு அசலாகப் பின்பற்றி 'ஸ்கேண்டலைஸிங் நியூஸ்' என்று எழுதிவிட்டார். இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே 'ஸ்கேண்டலஸ்' என்ற பெயரடை உட்கார்ந்திருப்பதால் மற்றதை யாரும் தேடிப் போவதில்லை. ஆளுக்கு 'ஸ்கேண்டலைஸ்ட்', விஷயத்துக்கு 'ஸ்கேண்டலஸ்'. இந்த ஜோடியை மனதில் போட்டுக்கொண்டால் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள், 'ஸ்கேண்டலைஸ்ட்' என்பதற்குப் பின்னால் 'பை' வரலாம், 'அட்' வரலாம், 'டு ஃபைண்ட்' என்றும் தொடரலாம். 'எபவுட்' போடாமல் இருப்பது நல்லது.

சூத்திரங்களை நான் குறை சொல்லவில்லை. தேர்வு அறையில் மணி ஓடிக்கொண்டிருக்கும்போது சூத்திரம்தான் கைகொடுக்கும். மின்னஞ்சல் எழுதும்போது அது போதாது, அவ்வளவுதான்.

கேள்வி: கொரியத் தொடர்கள் நிறையப் பார்ப்பேன். அவற்றில் 'சுகேந்துல்' என்று அடிக்கடி காதில் விழுகிறது, நடிகர் நடிகை காதல் கிசுகிசு என்றால் மட்டும். அதுவும் இதுவும் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான், அதுதான் தொல்லையே. தெரியாத சொல்லைக் கற்பது எளிது. பாதி தெரிந்த சொல்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

'ஸ்கேண்டல்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல் கொரியத்துக்குள் போய் 'சுகேந்துல்' ஆகி, அங்கே உடம்பு இளைத்துவிட்டது. பேச்சு வழக்கில் அதற்கு முதல் பொருள் பிரபலங்களின் காதல் விவகாரம். இரண்டு பேர் சேர்ந்து காபி குடித்த படம் வெளியானால்கூடப் போதும். 'யொரேசொல்' என்று இன்னொரு சொல்லும் உண்டு, காதல் வதந்தி என்று பொருள், இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். லஞ்சம், அதிகார முறைகேடு என்றால் பத்திரிகைகளின் கை 'கெய்ட்டு' என்ற சொல்லுக்குத்தான் போகும், அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய வாட்டர்கேட் அரசியல் விவகாரத்தின் பெயரில் உள்ள 'கேட்' என்ற வால். 2016-இல் வெடித்து, 2017 மார்ச்சில் அதிபர் பாக் குன்ஹே பதவியிழந்ததில் முடிந்த விவகாரத்தையும் அங்கே 'கெய்ட்டு' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அதையே தயங்காமல் 'ஸ்கேண்டல்' என்று எழுதின.

இதன் விளைவைப் பாருங்கள். சுகேந்துல் என்றால் கிசுகிசு என்று பழகிய ஒருவர் அதன் வினைச்சொல்லைப் பார்த்ததும், 'கிசுகிசு கிளப்பிவிடு' என்று ஊகிக்கிறார். "த ரிப்போர்ட்டர் ஸ்கேண்டலைஸ்ட் த ஆக்டர்" என்று எழுதுகிறார், நிருபர் நடிகரைப் பற்றி வதந்தி பரப்பினார் என்ற எண்ணத்தில். இன்றைய ஆங்கிலத்தில் அதன் பொருள் வேறு, நிருபர் செய்த காரியத்தைப் பார்த்து நடிகர் முகம் சுளித்தார் என்றாகிவிடும். யார் மேல் சேறு விழுந்தது என்பதே மாறிப்போகிறது.

அந்த ஊகம் முழு அபத்தமும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு 'ஒருவர் பெயரைக் கெடுத்தல்' என்ற பொருளும் இருந்தது. அவதூறைக் குறிக்கும் 'ஸ்லாண்டர்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புதான். உங்கள் கொரிய நண்பர் தெரியாமலே சில நூற்றாண்டுகள் பின்னால் போய்ப் பேசுகிறார், அவ்வளவே. ஆனால் இன்று அப்படி எழுத வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. 'ஷாக்கிங்' என்ற சொல்லைக் கொரியர்கள் அப்படியே எடுத்து 'ஹாதா' சேர்த்து 'ஷோக்கிங் ஹாதா' என்று ஆக்கி வைத்துக்கொண்டார்கள். 'சுகேந்துல்' என்பதற்கு அப்படி 'ஹாதா' சேர்க்கவில்லை. அது 'வெடிக்கும்', கொரியத்தில் 'தொஜிதா'. வெடிகுண்டுக்கும் அதே வினைதான். யார் வெடிக்க வைத்தார், யார் மேல் தெறித்தது என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை. ஆங்கில வினை கேட்பது அந்த இரண்டையும்தான்.

கேள்வி: அகராதியில் இதற்கு 'புன்கே' என்று கொரியப் பொருள் பார்த்தேன். புன்கே என்றால் ஆத்திரம், கொதிப்பு அல்லவா? சரியான கொரியச் சொல் எது?

பதில்: புன்கே தவறில்லை, சூடு அதிகம். புன்கேக்குப் பொருத்தமான உதாரணம் வேறு. 2014 டிசம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில், கொட்டைப் பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலத்தோடு நீட்டினார்கள் என்பதற்காக, ஒரு விமான நிறுவனத் தலைவரின் மகள், ஓடுபாதை நோக்கி நகர்ந்துவிட்ட விமானத்தையே திருப்பச் செய்து பணியாளர் தலைவரை இறக்கிவிட்டார். நாடே கொதித்தது. அது புன்கே, ஆங்கிலத்தில் 'அவுட்ரேஜ்'. அதிகாரத்தில் இருப்பவர் எளியவரை மிதிக்கும்போது வருவது. ஸ்கேண்டலைஸ் ஆகிறவர் பெரும்பாலும் கொதிப்பதில்லை, கையை வாயில் வைத்துக்கொள்கிறார்.

எனக்குப் பிடித்த கொரியத் தொடர் 'நுன்சாருல் ச்சிப்புரிகே ஹாதா'. நீளம்தான், ஆனால் நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம்: புருவத்தைச் சுருக்க வைத்தல், அதாவது நம் 'முகம் சுளிக்க வைத்தல்'. கொரியப் பத்திரிகைகளில் பொது இடத்தில் ஒருவர் அநாகரிகமாக நடந்துகொண்ட செய்தி வந்தால் இந்தத் தொடர் பெரும்பாலும் கூடவே வரும். வாக்கிய அமைப்பும் ஆங்கிலத்துக்குப் பொருந்துகிறது, செய்தவர் எழுவாய், பார்த்தவர்கள் அந்தப் பக்கம், நடுவில் 'கே ஹாதா'. அழுத்தம் கொஞ்சம் குறைவு, அதனால் அதிர்ச்சி கூடுதலாக வேண்டும் என்றால் 'க்யொங்அக்' என்ற சொல்லைப் போட்டுக்கொள்ளலாம்.

தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்கும் நடிகர்கள் "முரிருல் இருக்கியொ ஜ்வேசோங்ஹம்னிதா" என்று தலைகுனிவதைப் பார்த்திருப்பீர்கள். 'முரி' என்பது சீன எழுத்துகளின் வழி வந்த சொல், நாலு பேர் வாயில் விழுவது. 'ஊர் பேசும்படி ஆக்கியதற்கு மன்னியுங்கள்'. என்ன செய்தோம் என்று சொல்லாமலே மன்னிப்புக் கேட்க இதைவிட வசதியான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம். இதுவும் நம் வினைக்குப் பக்கத்து வீடு, ஆனால் இங்கே ஊரின் பேச்சுதான் முக்கியம், ஊரின் அதிர்ச்சி இல்லை.

அகராதிகள் கோட்டைவிடுவது வேறொரு இடத்தில். 'ஸ்கேண்டலைஸ்' என்று எழுதுகிற ஆங்கில எழுத்தாளர் பல சமயம் அதிர்ந்தவர்கள் கட்சியில் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று, 'பார்த்தீர்களா, இதற்கே இவர்கள் இப்படி அதிர்ந்துபோகிறார்கள்' என்று ஒரு அரைச் சிரிப்போடு எழுதுகிறார். கொரியப் பாட்டிகள் 'மாங்ச்சுக்கேரா!' என்பார்கள், 'அடக் கண்றாவியே' என்ற தொனி. அந்தப் பாட்டியின் வாயில் இருப்பது மாங்ச்சுக்கேரா. பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியை வேடிக்கை பார்க்கும் பேத்தியின் வாயில் இருப்பது 'ஸ்கேண்டலைஸ்ட்'.

நா ஹேசொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-இல் பிறந்தவர், மேற்கத்திய பாணியில் தைல ஓவியம் தீட்டிய முதல் கொரியப் பெண், எழுத்தாளரும்கூட. பாரிஸில் வேறொருவரோடு ஏற்பட்ட உறவால் கணவர் விவாகரத்து செய்தார். 1934-இல் தன் மணவாழ்க்கையையும் விவாகரத்தையும் பற்றி ஒரு பத்திரிகையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார், பெண்ணிடம் கற்பு கேட்கும் ஆண்கள் தாங்கள் மட்டும் எதற்கும் கட்டுப்படாமல் இருப்பதைப் போட்டு உடைத்தார். அன்றைய சமூகம் அவரைத் தள்ளி வைத்தது, 1948-இல் ஆதரவற்றவராக இறந்தார். இன்று ஒருவர் "அந்தக் கட்டுரை கொரியச் சமூகத்தை ஸ்கேண்டலைஸ் செய்தது" என்று ஆங்கிலத்தில் எழுதினால், படிக்கிறவர் மனம் கட்டுரை பக்கம்தான் சாயும், சமூகத்தின் பக்கம் இல்லை. அதையே புன்கே என்று கொரியத்தில் பெயர்த்தால் நா ஹேசொக் குற்றவாளி ஆகிவிடுகிறார். இந்தச் சொல் பார்க்கப்பட்டவரைவிடப் பார்த்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. இதைக் கற்றுக்கொள்கிற கொரியருக்கு இது ஒன்று புரிந்துவிட்டால் அகராதி எந்தப் பொருளைத் தந்தாலும் சமாளித்துக்கொள்வார்.

அதனால்தான் தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ வாஸ் ஸ்கேண்டலைஸ்ட்' என்பதை ஆங்கிலக்காரர்கள் பெரும்பாலும் பாதி விளையாட்டாகவே சொல்கிறார்கள். உண்மையிலேயே மனம் புண்பட்டவர் 'அப்பால்ட்' என்பார். அலுவலகத் தோழி கவனிக்க வேண்டிய இடம் இது. மேலாளரின் பேச்சைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டு இந்தச் சொல்லை எழுதினால், கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கேள்வி: உச்சரிப்பு எப்படிச் சொல்லித் தருவது? நண்பர் சொல்லும்போது சொல் முடியவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஆங்கிலத்தில் அசை மூன்று. கொரியத்தில் அதையே எழுதினால் ஆறு: சு, கேன், துல், லா, இ, ஜு. முதலில் மெய் இரண்டு சேர்ந்து வருவதைக் கொரிய எழுத்து ஏற்காது, அதனால் 'ஸ்'க்குப் பின் ஒரு குட்டி உயிரைச் செருகுகிறார்கள். அந்த உயிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், நம் குற்றியலுகரம்தான். 'பாட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அது. 'ஸ்'ஸிலிருந்து நேரே 'க்'குக்குத் தாவச் சொல்லுங்கள், இடையில் தொண்டை அதிரவே கூடாது.

அந்த 'க்' இன்னொரு பொறி. கொரிய எழுத்தில் அங்கே மூச்சு அடிக்கும் 'க்ஹ' வகை எழுத்தைப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்'க்குப் பின் வரும் 'க்'கில் மூச்சு அடிக்காது. கொரியத்தில் அழுத்திச் சொல்லும் இரட்டைக் 'க்க' ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இது நெருக்கம். நம் தமிழ்க் 'க'வில் மூச்சே கிடையாது என்பதால் நீங்கள் சொல்லிக் காட்டினாலே போதும்.

கடைசி ஒலி கொரியத்திலும் இல்லை, நம்மிடமும் இல்லை. அவர்கள் 'ஜு' என்கிறார்கள், நாம் 'ஸ்' என்று முடிக்கிறோம், இரண்டும் அரைக்கிணறு. 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே குரலை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள், தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். அழுத்தம் முதல் அசையில். சோல் பேச்சில் அசைகள் ஏறக்குறைய ஒரே எடையில் போகும் என்பதால் இதைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே பயிற்சி செய்யலாம்.

கேள்வி: நான் கிறிஸ்தவன். ஆங்கில வேதாகமத்தின் ஒரு பழைய பதிப்பில் 'சிறியரில் ஒருவரை ஸ்கேண்டலைஸ் செய்கிறவன்' என்று வருகிறது. அங்கே முகம் சுளிப்பதற்கு என்ன வேலை?

பதில்: அருமையான கேள்வி, இந்தச் சொல் பிறந்த வீட்டுக்கே போய்விட்டீர்கள். கிரேக்கத்தில் 'ஸ்காண்டலோன்' என்றால் கண்ணியின் விசைக்கோல், பிறகு காலை இடறும் தடை. மத்தேயு 18:6-இல் நம் தமிழ் வேதாகமம் 'இடறல் உண்டாக்குகிறவன்' என்று வேரோடு பிடித்துவிட்டது. கத்தோலிக்கர்களின் பழைய டூவே-ரைம்ஸ் பதிப்பில்தான் நீங்கள் சொல்லும் வாசகம் இருக்கிறது, கிங் ஜேம்ஸ் பதிப்பில் அதே இடத்தில் 'அஃபெண்ட்'. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்த வினைக்குப் பழைய நாளில் மத வாசனையும் இருந்தது, அடுத்தவருக்குக் கெட்ட உதாரணமாகி அவர் விசுவாசத்தை இடற வைப்பது. பாவத்தில் விழ வைத்தல் மெல்ல மெல்ல முகம் சுளிக்க வைத்தலாக இளகிவிட்டது.

கொரியப் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் அதே வசனத்தில் 'ஷில்ஜொக்', கால் தவறுதல். நம் 'இடறல்' போலவே காலைப் பற்றியது. கொரியத் திருச்சபைப் பேச்சில் 'ஷிஹொம் துல்தா' என்றும் ஒரு வழக்கு உண்டு. ஷிஹொம் என்றால் சோதனை, பரீட்சைக்கும் அதே சொல். சபையில் மூத்தவர் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து இன்னொருவர் மனம் கசந்து ஒதுங்கினால் 'அவர் ஷிஹொமில் விழுந்துவிட்டார்' என்பார்கள். உங்கள் கொரிய நண்பர் தேவாலயம் போகிறவர் என்றால் இந்த ஒரு வழக்கை வைத்தே பழைய பொருளைப் புரிய வைத்துவிடலாம்.

கேள்வி: இவ்வளவு அபூர்வமான சொல்லை ஒருவர் எதற்காகக் கற்க வேண்டும்? தேர்வில் வருமா?

பதில்: தேர்வுக்காக என்றால் விட்டுவிடுங்கள். கொரியக் கல்லூரி நுழைவுத் தேர்வான சுனுங்கில் ஆங்கிலத் தாள் 45 கேள்வி, 70 நிமிடம், அதில் 17 கேட்டல். பத்திகளில் கடினமான சொல் வந்தால் அடியில் நட்சத்திரக் குறி போட்டு அவர்களே பொருள் தந்துவிடுவார்கள். டோயிக்கோ அலுவலக ஆங்கிலம், அங்கே விலைப்பட்டியலும் கூட்ட நேர மாற்றமும்தான் வரும், யாரும் யாரையும் ஸ்கேண்டலைஸ் செய்வதில்லை.

நாவல், வாழ்க்கை வரலாறு, செய்திக் கட்டுரை படிக்கிறவருக்கு வேண்டும். எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை, பார்த்தவுடன் 'யார் செய்தது, யாருடைய கோடு தாண்டப்பட்டது, எழுதியவர் எந்தப் பக்கம்' என்று மூன்றும் தெரிந்தால் போதும். வழக்கறிஞர் ஒருவரும் எழுதியிருந்தார், சட்டத்தில் 'நீதிமன்றத்தை ஸ்கேண்டலைஸ் செய்தல்' என்று ஒரு குற்றம் உண்டே என்று. உண்டு, இந்தியாவின் 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் இருக்கிறது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-இல் நீக்கிவிட்டார்கள். அங்கே பொருள் நீதிமன்றத்தின் பெயரைக் கெடுத்தல், நீதிபதி அதிர்ச்சி அடைந்தாரா என்பதல்ல. மேலே சொன்ன பழைய பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது.

கேள்வி: கடைசியில் வருவது 'எஸ்'ஸா 'இசட்'டா?

பதில்: அமெரிக்காவில் இசட். பிரிட்டனில் இரண்டும், எஸ் கூடுதல். கொரியப் பள்ளிகளில் அமெரிக்க எழுத்துமுறைதான், ஆகவே இசட். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: படகோட்டும் புத்தகம் ஒன்றில் 'பாயை ஸ்கேண்டலைஸ் செய்' என்று படித்தேன். பாய்க்கு ஏது ஒழுக்கம்?

பதில்: அது வேறு சொல், தற்செயலாக இதே முகத்தோடு நிற்கிறது. காற்று பலமாகும்போது பாயின் மேல் முனையைத் தாழ்த்தியோ கீழ் முனையைத் தூக்கியோ பரப்பைக் குறைப்பதற்கு அந்தப் பெயர். உங்கள் கொரிய நண்பர் பாய்மரப் படகு ஓட்டுபவராக இல்லாதவரை இதை அவரிடம் சொல்லாதீர்கள், ஏற்கெனவே போதுமான அளவு குழம்பியிருக்கிறார்.